என் வயிறும் என் தம்பியின் மூச்சும்

அன்பான செபக்கூட்டத்துச் சகோதர சகோதரிகளுக்கு,

முதலில் நீங்கள் என்னைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். என் கையெழுத்து கோணலாக இருக்கும். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். எந்த ‘ர’ எங்கே வரும் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. கூட்டத்தில் எழுந்து சாட்சி சொல்லும்படி என்னை எத்தனையோ தடவை கூப்பிட்டீர்கள். நான் ஒவ்வொரு தடவையும் தலையைக் குனிந்துகொண்டேன். நாலு பேர் முன்னால் நின்றால் எனக்கு நாக்கு எழாது. அதனால் எழுதித் தருகிறேன். என் தம்பி மனைவி ரோஸ்லின் வாசிப்பாள். எழுத்து புரியாத இடத்தில் அவளே சொல்லிவிடுவாள். அவளுக்கு எல்லாம் தெரியும்.

இது வயிற்றைப் பற்றிய சாட்சி. நல்ல சபையில் பேசுகிற பேச்சு இல்லை என்று சிலர் நினைக்கலாம். நானும் பன்னிரண்டு வருஷம் அப்படித்தான் நினைத்தேன். அப்படி நினைத்து வாயை மூடிக்கொண்டதால்தான் என் தம்பி இன்றைக்குக் கட்டிலில் கிடக்கிறான்.

என் பெயர் ராயப்பன். வயது நாற்பத்தெட்டு. எங்களுடையது முத்துக்குளித்த குடும்பம் என்பார்கள். நான் முத்தைப் பார்த்தது நகைக்கடைக் கண்ணாடிக்குள்தான். எங்கள் காலத்தில் சங்குதான் தொழில். அப்பாவும் அம்மாவும் சீக்கிரம் போய்விட்டார்கள். தம்பி மிக்கேல் எனக்குப் பதினோரு வயது இளையவன். அவன் கோயிலில் முதல் நன்மை வாங்கச் சட்டை எடுத்ததும் நான்தான், பெண் பார்த்துக் கட்டிவைத்ததும் நான்தான். நான் கட்டவில்லை. அதற்கும் காரணம் வயிறுதான்.

முப்பத்துநாலு வயதில் தொடங்கியது. காலையில் எழுந்ததும் அடிவயிறு முறுக்கும். ஓட வேண்டும். போய் வந்தால் திரும்பவும் முறுக்கும். சில வாரம் இப்படி. சில வாரம் ஒன்றுமே போகாது, வயிறு கல்லாக ஊதிக் கிடக்கும். எங்கேயாவது புறப்பட வேண்டும் என்று நினைத்தாலே வயிற்றுக்குத் தெரிந்துவிடும். ஸ்ரீவைகுண்டத்தில் ஒரு பெண் பார்க்கப் போனோம். காப்பி வருவதற்குள் மூன்று தடவை எழுந்துபோனேன். மாப்பிள்ளைக்கு என்னமோ கோளாறு என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அதன்பிறகு கல்யாணப் பேச்சை நானே நிறுத்திவிட்டேன்.

பார்க்காத வைத்தியம் இல்லை. பெரிய ஆஸ்பத்திரியில் குழாய் விட்டுப் பார்த்தார்கள். புண் இல்லை, கட்டி இல்லை, இதற்கு ஐ.பி.எஸ். என்று பேர், குடல் சும்மாவே பதறுகிறது, உயிருக்கு ஆபத்து இல்லை என்று டாக்டர் சொன்னார். மாத்திரை தந்தார். ஆபத்து இல்லாத நோயைப் பற்றி யாரிடம் போய் அழுவது. குடல் ஏறியிருக்கிறது என்று ஒரு அம்மா விளக்கெண்ணெய் போட்டுத் தட்டிவிட்டாள். இரண்டு நாள் சுகம். விளாத்திகுளம் பக்கம் ஒருவர் தொக்கம் எடுப்பார் என்றார்கள். வயிற்றில் குழல் வைத்து உறிஞ்சி, எப்போதோ தின்ற எதையோ எடுத்ததாகக் கையில் காட்டினார். நான் பேருந்து ஏறுவதற்குள் திரும்ப ஓடினேன். மில்லர்புரத்தில் இயற்கை வைத்திய முகாம் போட்டபோது வயிற்றில் ஈரமண் பூசிக்கொண்டு படுத்தேன். குளிர்ச்சியாக இருந்தது. அவ்வளவுதான்.

இதையெல்லாம் தம்பிக்குத் தெரியாமல் செய்தேன். முகாமுக்குப் போனதை வலை வாங்கப் போனதாகச் சொன்னேன்.

இப்போது எங்கள் தொழிலைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சங்கு எடுக்கப் போகும் வள்ளத்தில் காற்றடிக்கும் கம்ப்ரசர் இருக்கும். அதிலிருந்து நீளமான டியூப் போகும். கடலுக்குள் இறங்குகிறவன் டியூப்பின் முனையை வாயில் கடித்துக்கொண்டு போவான். அவனுக்கு அதுதான் மூச்சு. வள்ளத்தில் ஒருவன் டியூப்பைக் கையில் பிடித்திருப்பான். கீழே இழுத்தால் விட வேண்டும். தளர்ந்தால் வாங்க வேண்டும். டியூப் எங்கேயும் மடியக்கூடாது, நசுங்கக்கூடாது. இந்த வேலைக்கு எங்கள் கரையில் அண்ணன் தம்பியை வைப்பார்கள், இல்லையென்றால் மைத்துனனை வைப்பார்கள். கீழே இருப்பவனுக்கு ஒன்று ஆனால் எந்த வீட்டில் அழுகை விழுமோ அந்த வீட்டுக்காரன் கையில்தான் டியூப் இருக்க வேண்டும். அது பழைய வழக்கம்.

மிக்கேலுக்கு டியூப் பிடித்தது நான். பதினாலு வருஷம்.

வள்ளத்தில் கக்கூஸ் கிடையாது. மற்றவர்கள் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து, பாட்டுக்கூடப் பாடுவார்கள். எனக்கு அது வராது. தார்ப்பாயைக் கட்டி மறைத்துக்கொள்வேன். அதைப் பார்த்துச் சிரிப்பார்கள். “ஏலே ராயப்பா, புதுப்பொண்ணுல்லா பொறப்பட்டுட்டு” என்பார்கள். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. எனக்கு நோய் என்று அவர்களுக்குத் தெரியாது.

நான் ஒரு தந்திரம் செய்தேன். கடலில் இறங்குகிறவர்கள் வெறும் வயிற்றோடுதான் இறங்குவார்கள். வயிற்றில் சோறு இருந்தால் கீழே குமட்டும். அதைப் பார்த்துப் பார்த்து, வெறும் வயிறுதான் அடங்கிய வயிறு என்று என் மனதில் பதிந்துவிட்டது. நான் இறங்குகிறவனே இல்லை. இருந்தாலும் முந்தின நாள் மத்தியானத்தோடு சாப்பாட்டை நிறுத்திவிடுவேன். காலையில் மூன்று கடுங்காப்பி மட்டும். அதுதான் வயிற்றை இன்னும் கிளறிவிடும் என்று எனக்குச் சொல்ல ஆள் இல்லை. நான் யாரிடமாவது கேட்டிருந்தால்தானே சொல்வார்கள்.

2022ஆம் வருஷம் பிப்ரவரி கடைசி. விபூதிப் புதனுக்கு முந்தின வாரம். காலை பத்து மணி இருக்கும். பத்துப் பாகத் தண்ணீர். ஒரு பாகம் என்றால் ஓர் ஆள் கை விரித்த நீளம். மிக்கேல் அன்றைக்கு நாலாவது தடவை இறங்கியிருந்தான். எனக்கு அதற்குள் மூன்று தடவை ஆகிவிட்டது. மூன்று தடவையும் சிரித்தார்கள்.

நாலாவது தடவை முறுக்கியபோது டியூப் என் கையில் இருந்தது. வேர்த்துக் கொட்டியது. பக்கத்தில் இருந்தவனிடம் கொடுத்திருக்கலாம். கொஞ்சம் பிடி என்று ஒரே ஒரு வார்த்தை. கேட்டால் திரும்பவும் சிரிப்பார்களே என்று வெட்கப்பட்டேன். டியூப்பைப் பலகையில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, யாரும் பார்க்காத நேரம் தார்ப்பாய்க்குப் பின்னால் போனேன். இரண்டு நிமிஷம். அதற்கு மேல் இருக்காது.

அந்த இரண்டு நிமிஷத்தில் வள்ளம் நீரோட்டத்தில் திரும்பிவிட்டது. நங்கூரக் கயிறு டியூப்பின் மேல் ஏறிப் பலகையோடு சேர்த்து அழுத்திவிட்டது.

மிக்கேலுக்குக் கீழே காற்று நின்றுபோனது. அவன் வாயிலிருந்து டியூப்பைத் துப்பிவிட்டு, ஒரே மூச்சில் மேலே வந்துவிட்டான். அந்த ஆழத்திலிருந்து அப்படி வரக்கூடாது. படிப்படியாகத்தான் வர வேண்டும். தலை மேலே வந்ததும் இருமினான், எல்லாரையும் திட்டினான், ஏறி உட்கார்ந்தான். தப்பினோம் என்று நினைத்தோம். நான் அதற்குள் ஓடிவந்து கயிற்றை விலக்கிவிட்டேன். யாரும் பார்க்கவில்லை. அரை மணி நேரத்தில், கால் மரத்துப்போகிறது என்றான். கரைக்கு வருவதற்குள் இரண்டு காலும் போய்விட்டது.

என்ன ஆச்சு, காற்று ஏன் நின்றது என்று கேட்டார்கள். கம்ப்ரசர் பெல்ட் நழுவிவிட்டது, மாட்டிவிட்டேன் என்று சொன்னேன்.

அன்பானவர்களே, அதுதான் என் பாவம். அந்த பெல்ட்டை முந்தின திங்கட்கிழமை புதிதாக மாட்டியவன் மிக்கேல். எனக்கு அந்த நேரத்தில் அது நினைவில் இல்லை. வாயில் வந்த பொய்யைச் சொன்னேன். அந்தப் பொய் நேராகப் போய் என் தம்பி தலையில் விழுந்தது.

மாதக்கணக்கில் ஆஸ்பத்திரி. இரத்தத்தில் காற்றுக் குமிழ் கட்டித் தண்டுவடத்தை அடித்துவிட்டது என்றார்கள். விலாவுக்குக் கீழே அவனுக்கு ஒன்றும் தெரியாது. கிள்ளினாலும் தெரியாது, சுட்டாலும் தெரியாது. ஜூலைக் கடைசியில் மாதா திருவிழாக் கொடி ஏறிய சமயத்தில் வீட்டுக்குக் கொண்டுவந்தோம். திருவிழா மேளம் கேட்டது. அவன் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டான்.

அவன் அழுவதில்லை. ஒன்றையே திரும்பத் திரும்பச் சொல்வான். “அந்த பெல்ட்ட ஒரு தடவ இழுத்துப் பாத்திருக்கலாம்ணே. அவசரத்துல மாட்டிட்டேன். என் காலுக்கு நானே எமனாயிட்டேன்” என்பான். ரோஸ்லினிடமும் அதையே சொல்லி மன்னிப்புக் கேட்பான். நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருப்பேன். என் வயிறு முறுக்கும். கொல்லைக்கு ஓடுவேன். எத்தனையோ நாள் அந்தக் கதவை அடைத்துக்கொண்டு, வாயில் துண்டை வைத்துக்கொண்டு அழுதிருக்கிறேன்.

கெபியில் போய் மாதா சொரூபத்துக்கு முன்னால் முழங்காலில் நிற்பேன். மாதாவே, அவன் கால் எழும்பட்டும், என் காலை எடுத்துக்கொள் என்று கேட்டேன். ஆறு மாதம் கேட்டேன். கால் எழும்பவில்லை.

பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொன்னேன். கடவுள் மன்னித்துவிட்டார், ஆனால் உன் பெல்ட்டை உன் தம்பி சுமக்கிறான், நீ போய் இறக்கி வை என்றார். சரி சாமி என்று சொல்லிவிட்டு வந்தேன். எனக்கு வாய் வரவில்லை. அதன்பிறகு என் செபத்தை மாற்றிக்கொண்டேன். கால் வேண்டும் என்று கேட்க எனக்கு என்ன தகுதி. எனக்கு ஒரு வாயைத் தாரும், தம்பி முன்னால் ஒரு மணி நேரம் ஓடாமல் உட்கார ஒரு வயிற்றைத் தாரும் என்று கேட்டேன். இவ்வளவு சிறிய செபத்தை யாரும் செய்திருக்கமாட்டார்கள்.

அந்த வருஷம் செப்டம்பரிலிருந்து வீட்டுக்கு வந்து உடற்பயிற்சி செய்துவிட ஒரு பிசியோதெரபி தங்கச்சி வந்துகொண்டிருந்தாள். பெயர் ஜெபா. நாசரேத் பக்கத்துப் பிள்ளை. கால் கையை நீட்டி மடக்கிவிடுவதோடு, வயிற்றைத் தேய்த்துவிடவும் சொல்லிக்கொடுத்தாள். தண்டுவடம் அடிபட்டவர்களுக்குக் குடல் தானாக நகராது. நாள் கணக்கில் அடைத்துக்கொள்ளும். கைதான் தள்ளிவிட வேண்டும். ரோஸ்லினுக்குக் கையில் பலம் காணாது. நான் கற்றுக்கொண்டேன்.

காலையில் சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்து. தினமும் ஒரே நேரம். முழங்காலுக்கு அடியில் தலையணை. உள்ளங்கையில் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவிச் சூடு பறக்கத் தேய்த்துக்கொள்ள வேண்டும். வலது பக்கம் அடிவயிற்றில் கையை வைத்து, மேலே கொண்டுபோய், விலாவுக்குக் கீழே குறுக்கே கொண்டுவந்து, இடது பக்கம் கீழே இறக்க வேண்டும். குடல் போகிற வழி அதுதான். எதிர்ப்பக்கம் போகக்கூடாது. அவன் மூச்சை விடும்போது அழுத்தம். இழுக்கும்போது கையை இளக்க வேண்டும். அதற்காக நானும் அவனோடு சேர்ந்து மூச்சு விட்டேன். வயிறு எழும்ப இழுத்து, வயிறு அமுங்க மெதுவாக விடுவது.

ஒருநாள் ஜெபா என்னை வாசலில் நிறுத்தினாள். “அண்ணாச்சி, நான் வந்து ஒரு மணி நேரம்கூட ஆவல. மூணு தடவ கொல்லைக்குப் போயிட்டு வாரிய. தம்பி வயித்தத் தேய்க்கும்போது மட்டும் போவல. என்ன விசயம்?”

அவள் என் மகள் வயதுப் பிள்ளை. எனக்குக் காது சுட்டது. ஆனால் அவள் தரையைப் பார்க்கவில்லை, சிரிக்கவும் இல்லை. கால்வலியைக் கேட்பது போல் கேட்டாள். பன்னிரண்டு வருஷத்தில் முதல் தடவையாக ஒரு மனுஷியிடம் வாயைத் திறந்து சொன்னேன். வெறும் வயிற்றுக் கடுங்காப்பி வரை சொன்னேன். அதற்கு மட்டும் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

தம்பிக்குச் செய்வதையே எனக்கும் செய்துகொள்ளச் சொன்னாள். காலையில் படுத்தபடியே பத்து நிமிஷம் அந்த மூச்சு. பிறகு கையால் அதே வழியில், நோகாமல் தடவுவது. முறுக்கும்போது வெந்நீர்ப் பையைத் துணியில் சுற்றி வயிற்றில் வைப்பது. அதைத் தம்பிக்கு மட்டும் வைக்கவே கூடாது, வெந்தாலும் அவனுக்குத் தெரியாது என்றாள். பட்டினி கிடக்காமல் வேளைக்குக் கொஞ்சமாகச் சாப்பிட வேண்டும். காப்பியைக் குறைக்க வேண்டும். இது நோயை வேரோடு பிடுங்காது, பதற்றத்தை அடக்கும், டாக்டர் தந்த மாத்திரையை விடக்கூடாது, இரத்தம் போனாலோ எடை குறைந்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்றும் சொன்னாள். தொக்கம் எடுத்தவர் இதில் ஒன்றும் சொல்லவில்லை.

கொஞ்சம் கொஞ்சமாக வயிறு அடங்கியது. பத்துத் தடவை ஐந்தானது. அதுவும் தம்பி பக்கத்தில் உட்கார்ந்து அவனோடு மூச்சு விடும் நேரம் வயிறு அமைதியாக இருந்தது. கர்த்தர் எனக்கு வயிற்றைத் தந்துவிட்டார் என்று புரிந்தது. இனி வாய் என் பொறுப்பு.

2023 தவக்காலம். ஒரு வெள்ளிக்கிழமை. ரோஸ்லின் மீன் வாங்கப் போயிருந்தாள். நான் வயிற்றைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். அவன் திரும்பவும் பெல்ட்டைச் சொன்னான். நான் கையை நிறுத்தினேன்.

“பெல்ட் நழுவலடா. நான் டியூப்ப விட்டுட்டு வெளிக்குப் போயிட்டேன். நங்கூரக் கயிறு நெரிச்சிட்டு. நான்தான் பொய் சொன்னேன்” என்றேன்.

அவன் என்னைப் பார்த்தான். பக்கத்தில் இத்தனை பேர் இருந்தார்களே, ஏன் கொடுக்கவில்லை என்று கேட்டான். சிரிப்பார்கள் என்று கொடுக்கவில்லை என்றேன். அந்த வார்த்தையைச் சொல்லும்போது அது எவ்வளவு அற்பமானது என்று என் காதுக்கே கேட்டது. ஒருவனுடைய இரண்டு காலுக்குப் பதிலாக நான் வாங்கிக்கொள்ள மறுத்தது ஒரு சிரிப்பு.

“கைய எடு” என்றான்.

எடுத்தேன்.

அவன் கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். கத்தவில்லை. ரோஸ்லின் வந்ததும், இனி அண்ணன் இந்த வாசலை மிதிக்கக்கூடாது என்று மட்டும் சொன்னான். என் வீடும் அவன் வீடும் ஒரே சுவர். அவன் இருமுவது எனக்குக் கேட்கும். ரோஸ்லின் அவனைப் புரட்டிப் போடக் கஷ்டப்படுவது கேட்கும். நான் சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பேன். விடியும் முன்னே குழாயில் தண்ணீர் பிடித்து அவன் வாசலில் ஆறு குடம் வைத்துவிட்டு வந்துவிடுவேன். முதல் இரண்டு நாள் குடங்கள் அப்படியே இருந்தன. மூன்றாம் நாள் ரோஸ்லின் எடுத்துக்கொண்டாள்.

என் வயிறு பழையபடி ஆகிவிட்டது. உண்மையைச் சொன்னால் சுகம் வரும் என்று நினைத்தேன், வரவில்லை. செபம் வறண்டுவிட்டது. கேட்டதைத் தந்துவிட்டு என் தம்பியை எடுத்துக்கொண்டீரே என்று கர்த்தரிடம் சண்டை போட்டேன். ஆனாலும் காலையில் கண் விழித்ததும் கை தானாக என் வயிற்றின் மேல் போகும். வலது பக்கம் ஏற்றி, குறுக்கே கொண்டுவந்து, இடது பக்கம் இறக்கும். சுவருக்கு அந்தப் பக்கம் அவனும் விழித்திருப்பான். அவன் மூச்சு எனக்குக் கேட்காது. கேட்கிற மாதிரி நினைத்துக்கொண்டு அதோடு சேர்ந்து மூச்சு விடுவேன். எனக்குச் செபம் என்று அப்போது இருந்தது அது ஒன்றுதான்.

நாலு மாதம் போனது. ஜூலையில் ஒருநாள் மத்தியானம் ரோஸ்லின் வாசலில் வந்து நின்றாள். அழுதிருந்தாள். அவனுக்கு ஆறு நாளாகப் போகவில்லை, வயிறு பானையாகிவிட்டது, வேர்க்கிறது. ஜெபா சொந்தக்காரர் கல்யாணத்துக்குச் சென்னைக்குப் போயிருந்தாள். போனில் கேட்டதற்கு, உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள், வண்டி வரும்வரை அண்ணாச்சியைத் தேய்த்துவிடச் சொல்லுங்கள் என்றாளாம்.

“அத்தான், அவிய உங்கள வரச் சொல்லுதாவ” என்றாள். அவனே சொன்னானா என்று கேட்டேன். தலையை ஆட்டினாள்.

உள்ளே போனேன். அவன் மேலே ஓட்டுக்கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தான். மெலிந்திருந்தான். நான் எண்ணெயைக் கையில் ஊற்றித் தேய்த்தேன். அவன் என்னைப் பார்க்காமலே பேசினான்.

“ஓடணும்னா இப்பமே ஓடிரு. பாதில விட்டுட்டுப் போவாத.”

அந்தச் சொல் என் அடிவயிற்றில் போய் முறுக்கியது. கடலில் முறுக்கிய அதே முறுக்கு. வேர்வை கண்ணுக்குள் இறங்கியது. கொல்லைக் கதவு நாலு அடிதான். மாதாவே, இந்த ஒரு மணி நேரம் என்று மட்டும் சொன்னேன். மூச்சை வயிறுவரை இழுத்தேன். மெதுவாக விட்டேன். அவன் வயிற்றில் கையை வைத்தேன். அவன் விடும்போது அழுத்தம், இழுக்கும்போது இளக்கம். என் முறுக்கு ஒரு அலை மாதிரி எழும்பி, நின்று, இறங்கியது. திரும்ப எழும்பியது. இறங்கியது. நான் நகரவில்லை. வண்டிக்குச் சொல்லியும் அன்றைக்கு வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. வண்டிச் சத்தம் தெருவில் கேட்டபோது அவன் வயிறு இளகத் தொடங்கியிருந்தது. ஆஸ்பத்திரியில் மீதியைப் பார்த்துக்கொண்டார்கள். அடைப்பு முற்றவில்லை, தப்பித்தார் என்றார்கள்.

நான் கேட்ட ஒரு மணி நேரம் அதுதான், சகோதரர்களே. கேட்டபடியே, நிமிஷம் குறையாமல் கிடைத்தது.

அடுத்த நாளிலிருந்து தினமும் போனேன். அவன் வரச் சொல்லவும் இல்லை, வராதே என்றும் சொல்லவில்லை. நான் தேய்ப்பேன், அவன் கூரையைப் பார்ப்பான். மன்னித்தானா என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் தைரியம் இல்லை. என் கை அவன் வயிற்றில் இருப்பதே அவனுக்குத் தெரியாதே என்று நினைத்து நெஞ்சு உடையும். கண்ணால் பார்த்தால்தான் அவனுக்குத் தெரியும். அவனோ பார்ப்பதில்லை.

அக்டோபர் மாதம், மழை பிடித்திருந்த ஒரு காலை. நான் முடித்துவிட்டுத் துண்டில் கையைத் துடைக்கப் போனேன். அவன் என் மணிக்கட்டைப் பிடித்தான். இழுத்து விலாவுக்கு மேலே, நெஞ்சின்மேல் என் கையை வைத்தான்.

“இங்கன வை. இங்கன எனக்குத் தெரியும்” என்றான்.

என் கை அங்கேயே இருந்தது. அவன் மூச்சு என் உள்ளங்கைக்குக் கீழே எழும்பி எழும்பி இறங்கியது. ரோஸ்லின் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பப் போய்விட்டாள்.

அதன்பிறகு அவன் பெல்ட்டைப் பற்றிப் பேசியதே இல்லை. அவன் கால் எழும்பவில்லை. டாக்டர்கள் எழும்பாது என்கிறார்கள். இதை மறைத்து உங்களிடம் சாட்சி சொன்னால் அது அடுத்த பொய்யாகிவிடும். நான் பெரிதாகக் கேட்டது கிடைக்கவில்லை. தினமும் அவனைப் புரட்டிப் போடும்போது அந்தத் துக்கம் எனக்குப் புதிதாகத்தான் வருகிறது. சாகும்வரை வரும், வரட்டும். சிறிதாகக் கேட்டது கிடைத்தது. அதைக்கொண்டு தினமும் அவன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன்.

என் வயிறும் முழுசாகச் சுகமாகவில்லை. நல்ல நாளும் உண்டு, கெட்ட நாளும் உண்டு. ஆனால் இப்போது எனக்கு மறைப்பு இல்லை. வள்ளத்தில் எல்லாரிடமும் சொல்லிவிட்டேன். முதலில் கொஞ்சம் சிரித்தார்கள். டியூப் சங்கதி தெரிந்ததும் யாரும் சிரிக்கவில்லை. இப்போது டியூப் பிடிக்க இரண்டு பேரை வைக்கிறார்கள். நான் திரும்ப டியூப் பிடிக்கவில்லை, நங்கூரம் பார்க்கிறேன். மிக்கேல் மட்டும் பார்க்க வருகிறவர்களிடம், “எங்க அண்ணன் லேசுப்பட்ட ஆளு இல்ல, ஐ.பி.எஸ். தெரியும்லா” என்று சொல்லிச் சிரிக்கிறான். அவன் சிரிப்பதற்காக நான் எதுவாக வேண்டுமானாலும் இருப்பேன்.

உங்களில் யாருக்காவது என்னைப்போல் வெளியே சொல்ல முடியாத தொல்லை இருக்கும். வயிறாக இருக்கலாம், வேறாகவும் இருக்கலாம். தயவுசெய்து ஒருவரிடமாவது சொல்லுங்கள். டாக்டரிடம் சொல்லுங்கள், கூட இருப்பவரிடம் சொல்லுங்கள். மாதாவிடம் மட்டும் சொல்லிவிட்டு மனுஷரிடம் மறைக்காதீர்கள். நான் அப்படிச் செய்து பார்த்தவன். பெரிய செபம் வாயில் வராவிட்டால் சிறிதாகக் கேளுங்கள். ஒரு மணி நேரம் வேண்டும் என்று கேளுங்கள். அவர் அதைச் சின்ன விஷயம் என்று தள்ளுகிறவர் இல்லை.

வயிற்று வலிக்காரர் யாரும் வெள்ளிக்கிழமை கூட்டம் முடிந்து என்னைத் தேடி வரலாம். எனக்குப் பேசத் தெரியாது. ஆனால் கை வைக்கத் தெரியும். எந்தப் பக்கம் ஏற்றி எந்தப் பக்கம் இறக்க வேண்டும் என்று காட்டித் தருகிறேன்.

இதை மூன்று தடவை எழுதத் தொடங்கிக் கிழித்தேன். நேற்று மிக்கேல், எழுதிக் கொடு, என் பேரையும் போடு என்று சொன்னான். அதனால் போட்டிருக்கிறேன்.

இயேசுவுக்கும் அவர் தாய்க்கும் நன்றி.

இப்படிக்கு,
ராயப்பன்

எழுதி முடித்தது: 2024 செப்டம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை, மாதா பிறந்த நாள்.